காய்க்கு விடியற்காலை, அரிசிக்கு மாதக் கடைசி

திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகருக்கு நாங்கள் குடிவந்தது 2012இல். ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஒரு தொழிற்சாலையில் என் கணவருக்கு ஷிப்ட் வேலை. ஊர் புதிது, தெரிந்தவர்கள் யாருமில்லை. அதனால் முதல் மாதச் சாமான் முழுவதையும் ஒரே பெரிய கடையில் வாங்கினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், காய், சோப்பு எல்லாம் ஒரே பில். சலுகை என்று எழுதி வைத்திருந்த 25 கிலோ அரிசி மூட்டையும் அதில் அடக்கம். வீட்டுக்கு வந்து உலையில் போட்டால், பதம் பார்ப்பதற்குள் குழைந்துவிட்டது. அறுவடை முடிந்த கையோடு வந்த புது அரிசி. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தேன், ஊறவைக்காமல் போட்டுப் பார்த்தேன், குக்கரை விட்டுவிட்டு வடித்தும் பார்த்தேன். சரிப்படவில்லை. இரவு ஷிப்ட் முடித்துப் பசியோடு வருகிறவருக்கு அந்த மாதம் முழுக்கக் களி மாதிரிச் சோற்றைத்தான் போட்டேன். இன்று நினைத்தாலும் மனசு சங்கடப்படுகிறது.

பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார். "அரிசிய அரிசிக் கடையில வாங்கும்மா. அதுவும் மாசக் கடைசியில போ. ஒண்ணாந்தேதி போனா மூட்டையத் தூக்கி வண்டியில போடத்தான் கடைக்காரருக்கு நேரமிருக்கும்." அது முழு உண்மை. சம்பளம் வந்த வாரத்தில் இந்த ஊர்க் கடைகளில் நின்று பேச முடியாது. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் போனால் கடைக்காரர் நான்கு மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிக் காட்டுவார். எங்கள் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் உண்டு. பக்கத்திலேயே செங்குன்றம், அரிசி ஆலைகளுக்குப் பேர்போன இடம். ஆகவே புது அரிசியும் பழைய அரிசியும் கடையில் கலந்தே இருக்கும். "எத்தனை மாசத்து அரிசி?" என்பதுதான் முதல் கேள்வி. அவர் என்ன சொன்னாலும் இரண்டு கிலோ வாங்கி, ஒரு நாள் வடித்தும் ஒரு நாள் குக்கரில் வைத்தும் பார்த்துவிட்டுத்தான் மூட்டைக்குப் போவேன்.

மூட்டையில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டுப் பெயர் அச்சிட்டு விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்கு அந்த வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை என்று ஒன்று கடைகளில் முளைத்தது. இரண்டு கடை விலையை ஒப்பிடுகிறவர்கள் மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோவுக்கு வகுத்துப் பார்க்க வேண்டும்.

ரேஷன் கடையை இளக்காரமாகப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அரிசி அட்டைக்கு 20 கிலோ வரை விலையில்லாமல் அரிசி தருகிற மாநிலம் இது. 2011 ஜூனில் தொடங்கிய திட்டம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு வைத்துப் பார்த்தால் மாதம் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். எங்கள் வீட்டு இட்லி, தோசை மாவுக்கு வருடக் கணக்காக ரேஷன் அரிசிதான். கொஞ்ச நாளாக அந்த அரிசியில் வெள்ளையாக, பளபளப்பில்லாத சில மணிகள் கிடக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். அது செறிவூட்டப்பட்ட அரிசி. இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி மாவில் செய்த மணிகளை நூறுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். ஊறவைக்கும்போது சில மணிகள் மிதந்தால் தண்ணீரோடு சாய்த்துவிடாதீர்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் ரத்தசோகைக்காகச் சேர்த்த சத்து அது.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வியாபாரி நடுவில் இல்லாமல் விவசாயியே விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது, தராசும் அங்கேயே தருவார்கள். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள். தண்டவாளத்தைத் தாண்டித் திருவள்ளூர் ஊருக்குள் போக வேண்டும் என்று முதலில் நானும் சோம்பல்பட்டேன். ஒருமுறை காலை ஆறரைக்குப் போனேன், அடுத்த முறை ஒன்பதரைக்குப் போனேன். பலகையில் விலை இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான், காய்தான் வேறு. ஒன்பதரைக்குக் கத்தரிக்காயில் சொத்தைதான் மிஞ்சியிருந்தது, வெண்டைக்காயில் முற்றல். கீரை தலை சாய்ந்துவிட்டது. அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் எழுந்த முகத்தோடு போய்விடுகிறேன். உள்ளே போனதும் பலகையை ஒரு தரம் படித்துவிடுவேன். பிறகு நம் தெருவில் வண்டிக்காரர் சொல்லும் விலை நியாயமா என்று நமக்கே தெரியும்.

அதற்காகத் தெருவில் விற்கிறவர்களை ஒதுக்குவதில்லை. கீரை எனக்குக் கூடைக்கார ஆயாவிடம்தான். "நேத்துக் கட்ட இன்னிக்கி உனுக்குக் குடுப்பனா கண்ணு?" என்று கேட்பார். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் கொடுத்ததில்லை. அவரிடம் நான் பேரம் பேசுவதில்லை. விடியுமுன் வயலில் பறித்து, கூடையைச் சுமந்து வந்து வீட்டு வாசலில் வைக்கிறவரிடம் ஐந்து ரூபாயைக் குறைக்கக் கேட்பது தவறு என்பது என் எண்ணம்.

இந்த ஊருக்கே உரிய கணக்கு ஒன்று உண்டு, அமாவாசை. வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு அன்று எங்கிருந்தெல்லாமோ கூட்டம் வரும். முந்தின நாள் இரவே வந்து தங்குகிறவர்களும் ஏராளம். ஊர் வீடுகளிலும் அன்று படையல். வாழைக்காய், பூசணி, சேப்பங்கிழங்கு, மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரை என்று எல்லாரும் ஒரே காயைத் தேடுவார்கள். முந்தின நாள் மாலை போனால் வாழைக்காய் கிடைப்பதே பெரிய காரியம். கெடாத காய்களை இரண்டு நாள் முன்னதாக வாங்கி வைத்துவிட வேண்டும், அகத்திக்கீரைக்கு மட்டும் ஆயாவிடம் சொல்லி வைக்க வேண்டும். வெளியூரிலிருந்து கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் கரைக்கிற வெல்லத்தை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நெரிசலில் நின்றுகொண்டு எடையைக் கவனிக்க முடியாது.

மீனுக்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வஞ்சிரத்தின் விலையைக் கேட்கவே பயமாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் ஏரி மீன்தான். கட்லா, ரோகு, ஜிலேபி. கிடைத்தால் விரால்.

எல்லாம் சொல்லிவிட்டு அண்ணாச்சி கடையைச் சொல்லாமல் விட முடியாது. தெருமுனையில் பத்துக்குப் பத்து கடை. கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடத்தான் இருக்கும். ஆனால், "அக்கா, இந்தத் துவரம்பருப்பு சீக்கிரம் வேகாது. ரெண்டு நாள் பொறுங்க, வேற சரக்கு வருது" என்று விற்கிறவரே சொல்லும் கடை அது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு சந்தையை மூடிக் காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசியில்தான் கோயம்பேடு மறுபடி திறந்தது. அந்த மாதங்களில் வேலையும் இல்லை, பாதிச் சம்பளம். அண்ணாச்சி அதிகாலையில் திருமழிசை போய் வெங்காயமும் தக்காளியும் ஏற்றி வந்து, வந்த விலையோடு வண்டி வாடகையை மட்டும் சேர்த்து விற்றார். கணக்கு நோட்டில் எங்கள் பக்கத்தில் மூன்று மாதப் பாக்கி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் பெரிய கடையில் என்ன சலுகை வந்தாலும் பருப்பு, புளி, மிளகாய், மல்லி இன்றும் அண்ணாச்சியிடம்தான்.

பெரிய கடைக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. எண்ணெய், சோப்பு, டீத்தூள், பிஸ்கட் அங்கே விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். பாக்கெட்டில் ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ எவ்வளவு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், அதைப் படியுங்கள். ஒரு கிலோ பாக்கெட்டைவிட இரண்டு அரைக்கிலோ பாக்கெட் விலை குறைவாக இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உதிரி எண்ணெய் மட்டும் எங்கேயும் வேண்டாம். அப்படி விற்கவே சட்டத்தில் இடமில்லை.

இப்போது எங்கள் தெருவில் பீகார், ஒடிசாப் பிள்ளைகள் நிறையப் பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். அண்ணாச்சி கடையில் கடுகு எண்ணெயும் ஆட்டா மூட்டையும் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டன. அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாத ஒன்று, 2020 அக்டோபர் 1 முதல் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டிலும் நடப்பில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அவர்கள் ஊர் அட்டை இருந்தால், இங்கேயே விரல் ரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். உங்கள் தெருவிலும் அப்படி யாராவது இருந்தால், ரேஷன் கடைக்கு ஒரு தடவை கூட்டிப் போங்கள். மொழி தெரியாததால்தான் அவர்கள் தயங்கி நிற்கிறார்கள்.