ஓதச் சுவரும் ஓயாத இருமலும்



ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் திருத்தணி, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரின் அடிப்பாகம் ஓதம் ஏறிக் கறுத்துப்போகும். நெசவுக்குப் பேர்போன பகுதி இது. தறி இருக்கும் அறையிலேயே குடும்பம் படுத்துறங்குவதும் உண்டு. ஒருவருக்கு இருமல் விடாமல் நீடித்தால், "அந்தச் சுவர்தான் விஷம்" என்பார் ஒருவர். "பஞ்சுத் தூசி" என்பார் மற்றவர். "சுவரில் பூத்தது மனுஷனை என்ன செய்யும்?" என்பார் வீட்டுப் பெரியவர்.

படித்தவர்களுக்குள்ளும் இதே வழக்கு நடந்திருக்கிறது. 1993, 1994-ம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது. நனைந்த வீடுகளில் வளரும் ஸ்டாக்கிபாட்ரிஸ் என்னும் கறுப்புப் பூஞ்சணம் காரணமாயிருக்கலாம் என்றார்கள். 2000-ம் ஆண்டில் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வை மறுபரிசீலனை செய்து, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று அறிவித்தது. அதற்குள் "விஷப் பூஞ்சணம்" என்ற பெயர் எங்கும் பரவிவிட்டது.

அப்படியானால் பெரியவர் சொன்னது சரியா? அதுவும் இல்லை. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு ஆஸ்துமாவும் சுவாசத் தொல்லைகளும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ல் தெளிவாகக் கூறியது.

நம் நாட்டில் 2021-ல் கொரோனாவை அடுத்துக் "கறுப்புப் பூஞ்சை" வந்தபோது, வெங்காயத் தோலிலும் குளிர்சாதனப் பெட்டியிலும் காணும் கறுப்பே அந்த நோய் என்று வதந்தி பரவியது. அது வேறு, இது வேறு. கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதியும், அளவுக்கு மிஞ்சிய ஸ்டீராய்டு மருந்துமே அந்நோய்க்குப் பெரிதும் வழிவிட்டன.

இங்கே அதிகக் கவனம் வேண்டியது காசநோய் விஷயத்தில். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணத்தால் நுரையீரலில் ஒவ்வாமை உண்டாகும். எக்ஸ்ரே படத்தில் அது காசநோய் போலவே தோன்றக்கூடும். சளியில் கிருமி இல்லாமலே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை விழுங்கியவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறாக, சுவர்மேல் பழியைப் போட்டு, மெய்யான காசநோயை முற்றவிடுவதும் நடக்கிறது. இது இன்னும் மோசம், ஏனெனில் அதே அறையில் குழந்தைகளும் படுக்கிறார்கள்.

லேவியராகமம் 14-ம் அதிகாரத்தில் வீட்டுச் சுவரில் காணும் தோஷத்தைப்பற்றி வாசிக்கிறோம். அது பூஞ்சணமாயிருக்கலாம் என்று கருதுவோர் பலர். ஆசாரியன் பார்க்க வருமுன் சாமான்களை வெளியே எடுத்துவிட வேண்டும். (ஏழைக்கு இது எவ்வளவு பெரிய தயவு!) வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்க்கிறான். தோஷம் படர்ந்திருந்தால் அந்தக் கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாய்ப் பூசச் சொல்கிறான். திரும்பவும் வந்தால்தான் இடிப்பது. வெறுமனே வெள்ளையடித்து மறைக்க அங்கே இடமில்லை.

இன்றும் செய்யவேண்டியது ஏறக்குறைய அதுவே. ஒழுக்கை முதலில் அடைக்க வேண்டும். ஈரம் நிற்கும்வரை எந்த மருந்தைத் தெளித்தாலும் பூஞ்சணம் திரும்பிவரும். சுரண்டுகிறவர் வாய், மூக்கை மூடிக்கொள்ளட்டும். ஆஸ்துமாக்காரர் அந்த வேலைக்கு வேண்டாம். தொட்டிலை ஓதச் சுவரைவிட்டுத் தள்ளிக் கட்டுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால், சுவர் எப்படியிருந்தாலும், சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் அதற்குக் கட்டணமில்லை.