பச்சிளங் குழந்தைக்குத் தலை ஸ்கேன் எதற்கு?

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை இன்குபேட்டரில் இருக்கிறது. இரண்டாம் நாள் டாக்டர் வந்து, "தலைக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும்" என்கிறார். கேட்டதுமே வயிற்றில் புளியைக் கரைக்கும். பெரியவர்களெல்லாம் ஊரில், நாம் மட்டும் இங்கே என்றால் கேட்கவே வேண்டாம். இந்தச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிக் கலக்கம் குறையும்.

குழந்தையின் உச்சந்தலையில் மெத்தென்று இருக்கும் இடத்தை உச்சிக்குழி என்கிறோம். மண்டை எலும்புகள் இன்னும் ஒன்றுசேராத இடம் அது. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்ளும். அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகள் கெட்டியான எலும்பைத் தாண்டிச் சரியாகப் போவதில்லை. அதனால்தான் பெரியவர்களின் மூளையை இப்படிப் பார்ப்பதில்லை. குழந்தைக்கோ உச்சிக்குழியே ஜன்னல். அதன்மேல் ஜெல் தடவி, ஒரு சிறு கருவியை மெதுவாக வைத்தால், உள்ளே போய்த் திரும்பும் எதிரொலி திரையில் படமாகிறது. மூளையின் நீரறைகள் கறுப்பாகவும், புதிதாகக் கசிந்த இரத்தம் வெண்மையாகவும் தெரியும். எக்ஸ்ரே கதிர் இல்லை, மயக்க மருந்து இல்லை, குழந்தையை வேறு அறைக்குத் தூக்கிப் போக வேண்டியதும் இல்லை.

எதைத் தேடுகிறார்கள்? குறைமாதக் குழந்தையின் நீரறைகளை ஒட்டி, புதிய மூளைச் செல்கள் உருவாகும் பகுதி ஒன்று உண்டு. அங்குள்ள இரத்தக் குழாய்கள் மிக மெல்லியவை. இரத்த அழுத்தம் ஏறி இறங்கினால் உடைந்து கசியும். கர்ப்பத்தின் 34-ஆம் வாரத்தையொட்டி இந்தப் பகுதி பெரும்பாலும் சுருங்கிவிடுவதால் நிறைமாதக் குழந்தைக்கு இந்த ஆபத்து குறைவு. 1978-இல் அமெரிக்காவில் லூ-ஆன் பாபைல் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1500 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள 46 குழந்தைகளுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 20 பேருக்குக் கசிவு இருந்தது. கசிவு இருந்தும் பிழைத்த குழந்தைகளில் பலருக்கு வெளியே ஓர் அறிகுறியும் இல்லை! பார்வைக்கு நன்றாக இருக்கும் குழந்தைக்கும் ஸ்கேன் கேட்பது இதனால்தான்.

ரிப்போர்ட்டில் வரும் 'கிரேடு' அவர்கள் வகுத்ததே. ஒன்று, கசிவு அந்த இடத்தோடு நின்றது. இரண்டு, நீரறைக்குள் வந்தது. மூன்று, நீரறை விரிந்துவிட்டது. நான்கு, மூளைத் திசுவே பாதிக்கப்பட்டது. முதல் இரண்டில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். மற்ற இரண்டில் தலையில் நீர் தேங்குவது, பின்னாளில் கைகால் விறைப்பு போன்ற அபாயங்கள் அதிகம். அங்கும்கூட எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கதி என்றில்லை. கிரேடு என்பது ஜாதகம் அல்ல.

"போன வாரம்தானே எடுத்தார்கள், மறுபடியுமா? பணம் பிடுங்கவா?" என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. காரணம் இருக்கிறது. இரத்தக் கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் வந்துவிடும். ஆனால் இரத்த ஓட்டம் போதாமல் மூளையின் வெண்பகுதி பாதிக்கப்பட்டால், அது சிறு நீர்க்கட்டிகளாகத் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் ஸ்கேனில் அது அகப்படாது. 30 வாரமோ அதற்கு முன்போ பிறந்தவர்களுக்கு 7 முதல் 10 நாட்களுக்குள் ஒன்று, 4 முதல் 6 வாரத்தில் ஒன்று, வீடு திரும்புமுன் அல்லது நிறைமாதக் கணக்கு முடியும்போது ஒன்று என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020-இல் பரிந்துரைத்தது. நம் மருத்துவமனைகளில் நாட்கள் கொஞ்சம் மாறலாம்.

எல்லாம் இதில் தெரிந்துவிடும் என்றும் எண்ணக்கூடாது. எலும்பை ஒட்டிய மூளையின் வெளி ஓரங்கள் சரிவரத் தெரியாது. பிறந்ததும் மூச்சுத் திணறிய நிறைமாதக் குழந்தைக்கு எம்.ஆர்.ஐ.தான் நுட்பமாகக் காட்டும். ஆகவே 'நார்மல்' என்று வந்தாலும் தொடர் பரிசோதனையை விடாதீர்கள். தலைச் சுற்றளவு வேகமாகக் கூடுவது, உச்சிக்குழி புடைப்பது, ஓயாத வாந்தி, கருவிழி கீழ்நோக்கியே நிற்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நம்மவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தாயும் குழந்தையும் ஊருக்குப் புறப்படுவது வழக்கம். அப்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், ரிப்போர்ட் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே பார்க்கும் டாக்டர் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் நீரறை விரிகிறதா, அப்படியே இருக்கிறதா என்று சொல்ல முடியும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் பல மாவட்ட அரசு மருத்துவமனைகளில் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மையங்கள் உள்ளன, விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு, "எட்டு மாதமாகியும் உட்காரவில்லையே" என்பார்கள். மூன்று மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம் என்றே கணக்கிட வேண்டும். இரண்டு வயதுவரை டாக்டர்களும் அப்படித்தான் கணக்கிடுகிறார்கள்.