இரவு டியூட்டிக்குப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

ஐசியூவில் இரவு டியூட்டி போட்டிருக்கிறார்கள், மானிட்டர் அலாரம் அடித்தாலே கை நடுங்குகிறது, எவ்வளவு ஜெபித்தும் பயம் போகவில்லை, எனக்கு விசுவாசம் குறைவோ என்று எழுதியிருந்தாய்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: இல்லை. பயப்படுகிறவர்களுக்கு விசுவாசமே கிடையாது என்று பிரசங்கம் செய்கிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே கலங்கினார். தரையில் விழுந்து, வரப்போவது விலகக்கூடுமானால் விலகட்டும் என்று பிதாவிடம் கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் போய் அதையே கேட்டார். கூட விழித்திருக்கச் சொல்லிச் சீஷர்களிடமும் கேட்டுக்கொண்டார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். பயத்தை ஒளித்து வைத்துவிட்டு அவர் ஜெபிக்கவில்லை. எதைக் கண்டு கலங்கினாரோ அதையே சொல்லி ஜெபித்தார்; பிறகு எழுந்து, பிடிக்க வந்தவர்களுக்கு எதிரே போனார்.

நீயும் அப்படியே கேள். 'தைரியம் தாரும்' என்று பொதுவாகக் கேட்பதோடு நிறுத்தாதே. மூன்றாம் படுக்கைத் தாத்தாவுக்கு பிரஷர் இறங்கினால் உடனே என் கண்ணில் படவேண்டும் ஆண்டவரே, பொட்டாசியம் குளோரைடு எடுக்கும்போது கை தவறக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல். சொல்லும்போதே அடுத்துச் செய்யவேண்டியதும் தெரிந்துவிடும். அந்த மருந்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். ஆகவே லேபிளை இன்னொரு முறை படி. பக்கத்து சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டு. ஜெபித்தாயிற்றே என்று சரிபார்க்காமல் விடுவதை நான் விசுவாசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சானிடைசரைக் கையில் தேய்க்க 20 முதல் 30 விநாடி ஆகும். படுக்கையில் இருப்பவரின் பெயரைச் சொல்லி ஜெபிக்க அந்த நேரம் போதும்.

ஐடா ஸ்கடரின் கதை உனக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க அழைத்தார்கள். அவருடைய அப்பா டாக்டர். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். ஐடா மருத்துவம் படித்திருக்கவில்லை. ஜெபத்தோடு கழிந்த அந்த இரவு விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இதைச் சொல்கிறவர்கள் தேவ அழைப்பைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எனக்கோ அதற்குப் பின் வந்த படிப்புதான் பெரிதாகத் தெரிகிறது. 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பிறகே அவர் திரும்பி வந்தார். வேலூரில் 1909-இல் செவிலியர் பயிற்சியையும் 1918-இல் மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். ஜெபித்துவிட்டு நீ புரோட்டோகால் புத்தகத்தைத் திறந்தால் அதுவும் அந்த ஜெபத்தைச் சேர்ந்ததுதான்.

சாப்பிடாமல் டியூட்டிக்குப் போகாதே. யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா, சாகவேண்டும் என்று சொல்லிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான். சாப்பிட்டுத் தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இரவு வேலை செய்கிற எல்லாரும் படிக்கவேண்டிய அதிகாரம் அது: 1 இராஜாக்கள் 19.

லீவு நாளிலும் நெஞ்சு படபடத்து, வாரக்கணக்கில் தூக்கம் வராமலிருந்தால் மனநல மருத்துவரைப் பார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஜெபிக்கலாம்.

இன்னொன்று. அந்த வார்டில் உன்னைவிடப் பயந்தவர் படுக்கையில் இருப்பவர். அவருடைய பயத்தைப் பிரசங்கத்துக்கு வாய்ப்பாக எடுத்துக்கொள்ளாதே. 'உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?' என்று கேள். வேண்டாம் என்றால் சரி என்று சொல். ஊசி போடுமுன் எங்கே வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும் என்று சொல்லிவிட்டு, முடிகிறவரை பக்கத்தில் நில்.

அன்புடன்,
உன் அக்கா