வீட்டில் வெளிச்சம் போதுமா? அளந்து பார்ப்போம்

மூத்தோருக்கான சுகாதாரப் பாடம்

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும் நீங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாம்:

1. வீட்டில் எந்த இடத்தில் வெளிச்சம் குறைவு என்று அளந்து சொல்லலாம்.
2. பல்ப் பெட்டியில் அச்சிட்டுள்ள எண்களைப் புரிந்துகொண்டு வாங்கலாம்.
3. இரவில் விழாமல் நடக்கவும் நன்றாகத் தூங்கவும் விளக்குகளை அமைக்கலாம்.

கண்ணை மட்டும் ஏன் நம்பக் கூடாது?

சி ரூசா வட்டாரத் தோட்டங்களில் வேலை செய்த பலர், பெரட்டுக்குப் போக இருட்டிலேயே எழுந்தவர்கள். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் பால்மரம் சீவியவர்களும் உண்டு. மண்ணெண்ணெய் விளக்கில் சமைத்தவர்களும் உண்டு. ஆகவே, "இந்த வெளிச்சமே எனக்குப் போதும்" என்று சொல்வது இயல்பு.

ஆனால் அன்று போதுமாக இருந்தது இன்று போதாது. வயது கூடும்போது கண்மணி சிறுத்துவிடுகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை மஞ்சள் நிறமாகிறது. 60 வயதில் விழித்திரையைப் போய்ச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இந்த மாற்றம் மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மேலும், கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைப் பழக்கிக்கொள்ளும். முழுநிலா வெளிச்சத்திலும் வழி தெரிகிறது. அதைவிடப் பல லட்சம் மடங்கு அதிகமான நண்பகல் வெயிலிலும் தெரிகிறது. இப்படி வளைந்துகொடுக்கும் கண்ணால் வெளிச்சத்தை அளவிட முடியாது. அதற்குத்தான் கையடக்க ஒளிமானி இருக்கிறது.

வெளிச்சம் குறைந்தால் என்ன ஆபத்து?

- படி, ஈரத் தரை, சுருண்ட பாய் ஆகியவை கண்ணில் படாமல் தடுக்கி விழலாம். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், மறுபடி பழையபடி நடப்பது பலருக்குக் கடினமாகிவிடுகிறது.
- ஒரே அளவுள்ள மாத்திரைகளின் நிறம் மாறித் தெரியலாம். இன்சுலின் ஊசியிலுள்ள கோடுகளைத் தவறாகப் படிக்கலாம்.
- நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் ஏற்பட்ட சிறு புண்ணைக் கவனிக்காமல் விட்டுவிடலாம்.

இரண்டு எண்கள்: லக்ஸ், கெல்வின்

லக்ஸ் என்பது ஓர் இடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்பதற்கான அளவு. ஒரு மெழுகுவர்த்தியை 1 மீட்டர் தூரத்தில் வைத்தால் நம்மீது விழுவது ஏறக்குறைய 1 லக்ஸ். வெட்ட வெளியில் நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ்.

கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண். இதற்கு நிற வெப்பநிலை என்று பெயர். கொல்லன் உலையில் இரும்பு சூடேறுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், இன்னும் சூடேறினால் வெளுக்கும். சூடு ஏற ஏற நிறம் மாறும் இந்தக் கணக்கை வைத்துத்தான் விளக்கின் நிறத்தைச் சொல்கிறார்கள். எண் சிறிதானால் மஞ்சள் ஒளி; எண் பெரிதானால் நீலம் கலந்த வெள்ளை ஒளி.

பல்ப் பெட்டியில் 2700, 4000, 6500 போன்ற எண்ணும், அதன் பின்னால் 'கே' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். 2700 முதல் 3000 வரை உள்ளதை 'வார்ம் ஒயிட்' என்பார்கள்; பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி இதுதான். 4000 'கூல் ஒயிட்'. 6500 'டேலைட்', நம் வீடுகளில் உள்ள வெள்ளை டியூப் லைட்டுகள் பெரும்பாலும் இந்த வகை.

கெல்வின் கூடினால் வெளிச்சம் கூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். 6500 கெல்வின் பல்ப் மங்கலாகவும் இருக்கலாம். 2700 கெல்வின் பல்ப் பிரகாசமாகவும் இருக்கலாம். ஒரு விளக்கு மொத்தம் எவ்வளவு ஒளி தருகிறது என்பதைப் பெட்டியிலுள்ள லூமன் என்ற எண் காட்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்தது ஏறக்குறைய 700 முதல் 800 லூமன்.

ஒளிமானி எப்படி வேலை செய்கிறது?

ஒளிமானியின் தலைப்பகுதியில் வெள்ளை நிற மூடி ஒன்று குமிழ்போல் இருக்கும். பல பக்கமிருந்தும் வரும் ஒளியை அது பரப்பி உள்ளே அனுப்புகிறது. உள்ளே இருக்கும் சிலிக்கான் உணரி, ஒளியை மின்சாரமாக மாற்றுகிறது. மனிதக் கண்ணைப் போலப் பச்சை ஒளியை அதிகமாகவும், சிவப்பு, நீலத்தைக் குறைவாகவும் கணக்கிட ஒரு வடிகட்டி உதவுகிறது. கெல்வினையும் காட்டும் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்குத் தனித்தனி உணரிகள் இருக்கும். அவற்றின் அளவுகளை ஒப்பிட்டு அது நிறத்தைச் சொல்கிறது.

வீட்டுக்கு லக்ஸ் மட்டும் காட்டும் எளிய கருவியே போதும். நிறத்தைப் பல்ப் பெட்டியே சொல்லிவிடும். பேரப்பிள்ளைகளின் கைப்பேசியில் உள்ள ஒளி அளக்கும் செயலியையும் பயன்படுத்தலாம். அது துல்லியமாக இருக்காது; ஆனாலும் எந்த இடம் மற்றதைவிட இருட்டு என்று தெரிந்துகொள்ள உதவும்.

அளக்கும் முறை

1. இருட்டிய பிறகு அளக்கவும். விளக்கைப் போட்டு 10 நிமிடம் காத்திருக்கவும்.
2. மூடியைக் கழற்றாமல் கருவியைப் போட்டால் 0 காட்ட வேண்டும். பிறகு மூடியைக் கழற்றவும்.
3. வெளிச்சம் எங்கே தேவையோ அங்கேயே கருவியை வைக்கவும். நடைவழிக்குத் தரையில், மருந்து எடுக்கும் இடத்துக்கு மேசைமேல், சமையலுக்கு நறுக்கும் பலகைமேல் வைக்க வேண்டும்.
4. உங்கள் நிழல் கருவிமேல் விழாமல் சற்று ஒதுங்கி நிற்கவும்.
5. எண்ணைத் தாளில் எழுதி வைக்கவும்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

கீழே உள்ளவை பொதுவான வழிகாட்டி அளவுகள்.

- நடைவழி, படி, வாசல்: 100 லக்ஸ் அல்லது அதற்கு மேல்
- குளியலறை, கழிவறை: 150 முதல் 200 லக்ஸ்
- சமையல் மேடை: 300 முதல் 500 லக்ஸ்
- நாளிதழ் படிக்க, மருந்து எடுக்க, பாதத்தைப் பார்க்க: 500 லக்ஸ் அல்லது அதற்கு மேல்

கூரையிலுள்ள ஒரே விளக்கால் மேசைமேல் 500 லக்ஸ் கிடைப்பது அரிது. அதற்குப் பெரிய விளக்கு வாங்க வேண்டியதில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுவந்தால் போதும். சிறிய மேசை விளக்கு 1 மீட்டர் தூரத்திலிருந்து அரை மீட்டருக்கு வந்தால், வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். விளக்கின் ஒளி நேராகக் கண்ணில் படக்கூடாது. கண்புரை உள்ளவர்களுக்குக் கூச்சம் பார்வையை இன்னும் மறைக்கும். விளக்கில் படிந்த தூசியையும் பூச்சியையும் துடைப்பதும் பலன் தரும். ஆனால் நாற்காலிமேல் நீங்கள் ஏற வேண்டாம். இளையவர் ஒருவரிடம் சொல்லுங்கள்.

இரவும் தூக்கமும்

கண்ணில் பார்வைக்கான உயிரணுக்கள் தவிர, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் தனி உயிரணுக்களும் உண்டு. இவை தாமாகவே ஒளியை உணர்கின்றன என்பது 2002ஆம் ஆண்டு ஆய்வுகளில் தெரியவந்தது. நீல ஒளியே இவற்றை அதிகம் தூண்டுகிறது. அப்போது தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பு குறைகிறது. ஒரே லக்ஸ் அளவில், 2700 கெல்வின் மஞ்சள் ஒளி உடல் கடிகாரத்தைத் தூண்டுவது 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் ஏறக்குறைய பாதிதான்.

ஆகவே:

- காலையில் விடிந்த பிறகு வாசலில் அரை மணி நேரம் உட்காருங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும்.
- படுப்பதற்கு 2, 3 மணி நேரத்துக்கு முன்பே வெள்ளை டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்குக்கு மாறுங்கள்.
- கட்டிலிலிருந்து கழிவறை வரை, முழங்காலுக்குக் கீழே சிறிய மஞ்சள் இரவு விளக்குகளை வையுங்கள். தரை தெரிந்தால் போதும். தூக்கமும் கலையாது, காலும் தடுக்காது.

1982 ஜனவரி 1ஆம் தேதி நம் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெரட்டுப் பழக்கத்தில் இன்றும் 5, 6 மணிக்கே எழுந்தால் பொழுது விடிய இன்னும் ஒரு மணி நேரமாவது இருக்கும். அந்த நேரத்தில் கொல்லைப்புறம் போக விளக்கைப் போடுங்கள், அல்லது டார்ச் லைட்டைக் கையில் எடுங்கள். மின்கட்டணத்தை நினைத்து இருட்டில் நடக்க வேண்டாம். எல்.இ.டி. பல்பு பழைய குண்டு பல்பைவிட மிகக் குறைந்த மின்சாரத்தையே செலவழிக்கிறது.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: மருந்து மேசையில் 120 லக்ஸ் காட்டுகிறது. போதுமா?
பதில்: போதாது. மேசை விளக்கைக் கிட்டே வைத்து 500க்கு மேல் கொண்டுவரவும்.

கேள்வி 2: படுக்கையறைக்கு 2700, 6500 ஆகிய இரண்டில் எது நல்லது?
பதில்: 2700.

கேள்வி 3: 6500 என்றால் வெளிச்சம் அதிகம் என்று கடையில் சொல்கிறார்கள். சரியா?
பதில்: தவறு. அது நிறத்தைச் சொல்லும் எண். வெளிச்சத்துக்கு லூமன் எண்ணைப் பார்க்கவும்.

எப்போது கிளினிக்குக்குப் போக வேண்டும்?

500 லக்ஸ் இருந்தும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் குறை விளக்கில் இல்லை. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும். கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சையால் பார்வை திரும்பும். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். திடீரென்று பார்வை குறைந்தாலோ, திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ, கண்ணுக்குள் மின்னல்போல் தெரிந்தாலோ, மறுநாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.