எய்ட்ஸ் நோயாளியின் ஆயுளும் நமது நாவும்



சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, ஒருவர் அவஸ்தைப்பூசுதல் கேட்டு ஆளனுப்பினார். எய்ட்ஸ் முற்றியிருந்தது. பூசி, நற்கருணை கொடுத்துவிட்டு வந்தேன். மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடக்கத்துக்குப் பின்தான் தெரிந்தது: ஊரார் பார்த்துவிடுவார்களென்று பயந்து, ஒரு வருஷமாக அவர் மாத்திரை வாங்கவே போகவில்லை. அன்று கேட்காத கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. ஆகையால் இதை எழுதுகிறேன்.

எய்ட்ஸ் என்றால் சாவுதான் என்று பலர் நினைக்கிறோம். 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்த காலத்தில் அது மெய்யே. வைத்தியமில்லாவிடில், எய்ட்ஸ் நிலையை அடைந்தவர்களில் பெரும்பாலோர் மூன்று வருஷத்துக்குள் இறந்துபோவார்கள். ஆனால் 1996-ல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2004 ஏப்ரல் முதல் நம் அரசாங்கம் அதை இலவசமாய்க் கொடுத்து வருகிறது. காலத்தோடு தொடங்கி, விடாமல் சாப்பிடுகிறவர் ஏறக்குறைய முழு ஆயுளும் வாழலாம்.

அப்படியிருக்க, ஒருவர் பிழைப்பதும் ஒருவர் மடிவதும் எதனால்?

முதலாவது, காலம். இக்கிருமி சி.டி.4 என்னும் காவல் அணுக்களை அழிக்கிறது. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கவேண்டிய அவை 200-க்குக் கீழே இறங்கினால் எய்ட்ஸ் என்பார்கள். 2017 முதல், எண்ணிக்கை எவ்வளவாயினும், கிருமி இருப்பது தெரிந்தவுடன் மருந்து தொடங்கப்படுகிறது. இறங்கிவிட்டவரும் மனந்தளர வேண்டாம். மருந்தினால் அது மறுபடி ஏறும்.

இரண்டாவது, ஒழுங்கு. வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால், விடிவதற்குள் வயல் தண்ணீர் வடிந்துவிடுமென்பது நீங்கள் அறிந்ததே. மாத்திரையை அடிக்கடி தவறவிட்டால் கிருமி அம்மருந்துக்கு அடங்காததாகிவிடும். நடவானாலும் அறுப்பானாலும் திருவிழாவானாலும் மாத்திரைக்கு விடுமுறையில்லை.

மூன்றாவது, காசநோய். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகமாய்க் கொல்வது இதுவே. இருமல், காய்ச்சல், இராவேர்வை, உடல் மெலிவு கண்டால் உடனே சோதிக்கவேண்டும். நல்ல ஆகாரம் வேண்டும், குடி கூடாது.

நான்காவது, வெட்கம். இதுவே மற்ற மூன்றையும் கெடுக்கிறது. இதற்காகவே சோதனைக்குப் போகாதிருக்கிறார்கள். உறவினர் வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்து, சாப்பிடாமல் விடுகிறார்கள். இதற்கு மருந்து டாக்டரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள், இது யார் செய்த பாவமென்று கேட்டார்கள். சேசுநாதர் அந்த விசாரணைக்கு இடங்கொடாமல் அவனுக்குப் பார்வை கொடுத்தார் (அர்ச். அருளப்பர் 9). இந்நோயாளிகளில் கணவனிடமிருந்து பெற்ற மனைவியரும், தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளும் உண்டு. மற்றவர்களையும் விசாரிக்க நாம் நீதிபதிகளல்ல. கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் இது ஒட்டாது. நம்பிச் சொன்னவரின் நோயை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. உண்மையே ஆனாலும் புறணி பேசுவது எட்டாங் கற்பனைக்கு விரோதம்.

சந்தேகமுள்ளவர்கள் அரசு ஆஸ்பத்திரியிலுள்ள நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். சோதனை இலவசம், இரகசியம். 1097 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். தனியே போகக் கூசினால் என்னிடம் வாருங்கள். நானும் உடன் வருகிறேன். எதற்குப் போனோமென்று யாரும் என் வாயிலிருந்து கேட்கமாட்டார்கள்.

உங்கள் பங்குக் குரு