முதலில் சத்தம், பிறகு வேகம்

புது கார் எடுத்த மூன்றாம் நாளே தங்கை போன் செய்தாள். "அக்கா, பைபாஸ்ல லாரியைத் தாண்ட ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தா அழுத்தினேன். இன்ஜின் 'ஊ'ன்னு கத்துது, வண்டி மட்டும் நிதானமா போகுது. கியர்பாக்ஸ் போயிடுச்சா?"

போகவில்லை. அவள் வாங்கியது சிவிடி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ள கார். அதன் இயல்பே அதுதான். அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன்.

காலேஜ் நாளில் ஓட்டின ஸ்கூட்டியை நினைத்துப் பார். கைப்பிடியைத் திருகினால் முதலில் சத்தம் ஏறும், அப்புறம்தான் வண்டி இழுக்கும். அதற்குள்ளும் சிவிடிதான். இரண்டு புல்லி, அவற்றைச் சுற்றி ஒரு பெல்ட். ஸ்கூட்டரில் ரப்பர், காரில் பெரும்பாலும் எஃகு. ஒவ்வொரு புல்லியும் எதிரெதிரே வைத்த இரண்டு கூம்புத் தட்டுகள். தட்டுகள் நெருங்கினால் பெல்ட் விளிம்புக்கு ஏறும், விலகினால் நடுவுக்கு இறங்கும். ஒரு பக்கம் ஏற மறுபக்கம் இறங்க, படிக்கட்டே இல்லாத சறுக்குப் பாதைபோல கியர் விகிதம் மாறிக்கொண்டே போகும். 1958-லேயே நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இப்படி ஒரு காரை அறிமுகப்படுத்திவிட்டது.

ஆக்ஸிலரேட்டரை முழுசாக அழுத்தும்போது, இன்ஜின் நன்றாகச் சக்தி தரும் சுழற்சியில் ஆர்பிஎம் முள்ளை நிறுத்திவைத்துவிட்டு, புல்லியை மாற்றியே சிவிடி வேகத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் சத்தம் ஒரே சுருதியில் நிற்கிறது. சில மாடல்களில் கியர் மாறுவதுபோல முள் விட்டு விட்டு இறங்கும்; கம்பெனியே வேண்டுமென்று அப்படி அமைத்திருக்கிறது. தாண்டப் போகிறாய் என்றால் ஒரு நொடி முன்னதாகவே காலை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு வா. வண்டி முனகாமல் போகும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் முள் கொஞ்சம் உயரமாக நிற்கும், சூடானதும் இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது 'எல்' அல்லது 'எஸ்' போட்டால், ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லாமலே இன்ஜின் இரையும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு உன் பிரேக்கைக் காப்பாற்றுகிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் மட்டும் இறக்காதே. ஏற்றத்தில் டிராஃபிக் நின்றால் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காதே, பிரேக்கில் நில்.

எப்போது கவலைப்படணும்? சமமான ரோட்டில் கால் அசையாமல் ஒரே வேகத்தில் போகும்போது முள் தானாக ஏறி இறங்கினால். நின்று கிளம்பும்போது வண்டி உதறினால். வேகம் கூடக் கூட ஊளைச் சத்தமும் கூடினால். எச்சரிக்கை விளக்கு எரிந்தால். அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போ, அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று தள்ளாதே.

இன்னொன்று, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது ஆயில். எஃகு பெல்ட்டும் எஃகு புல்லியும் தேயவும் கூடாது, வழுக்கவும் கூடாது. இரண்டையும் பார்த்துக்கொள்வது சிவிடிக்கென்றே செய்த ஆயில்தான். என் தோழியின் காருக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளிலேயே சிக்னலில் கிளம்பும்போதெல்லாம் வண்டி நடுங்க ஆரம்பித்தது. டேஷ்போர்டு டிராயரில் பிரிக்காமல் கிடக்கும் மேனுவலை இன்றைக்கே எடுத்துப் பார். எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டரில் மாற்றணும் என்று அதில் இருக்கும். போனில் குறித்து வைத்துக்கொள், சர்வீஸுக்கு விடும்போது நீயே வாய் திறந்து சொல்.