மூன்று கட்சி ஒன்றான கதை



பீங்கான் பட்டறையில் வேலை செய்யும் உறுப்பினர்கள் நாலு குழுவாக இருக்கிறோமே, ஒன்றாகச் சேர்ந்து அகல் விளக்குத் தொழில் தொடங்கலாமா என்று போன கூட்டத்தில் பேசினோம். அப்போது ஒரு அக்கா, "பெரிய குழுவோட சேர்ந்தா நம்ம பேச்சு எடுபடுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. திருவையாற்றில் நடந்த ஒரு விஷயத்தை வைத்து இந்த மாதம் அதற்குப் பதில் தேடுவோம்.

நிறைய கீர்த்தனைகள் பாடிவைத்த தியாகராஜ சுவாமிகள் 1847-ல் திருவையாற்றில் மறைந்தார். காவிரிக் கரையில் அவர் சமாதி இருக்கிறது. வருஷா வருஷம் அவர் நினைவு நாளில் வித்வான்கள் கூடிப் பாடுவார்கள். அதுதான் ஆராதனை. யாரும் பணம் வாங்குவதில்லை. ஆனால் நடத்தியவர்களுக்குள் சண்டை வந்து, பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே முடிவு: பெண்கள் பாடக்கூடாது!

பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர், பெரிய பாடகி. 1921-ல், சமாதி பாழாகிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தார். சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டு, நகைகளையும் விற்று, அங்கே நிலம் வாங்கிக் கோயில் கட்டினார். 1925-ல் கும்பாபிஷேகம் நடந்தது. கோயில் கட்டியவருக்கே அங்கு பாட இடமில்லை!

அம்மா அழுதுகொண்டு ஊர் திரும்பவில்லை. பெண்களைச் சேர்த்து, கோயிலின் பின்பக்கம் தனியாக ஆராதனை நடத்தினார். மக்கள் அதற்கு 'பெண்கள் கட்சி' என்றே பெயர் வைத்தார்கள். பெண்கள் விடாமல் பாடினார்கள். 1940-ல் மூன்று கட்சியும் ஒன்றானது. பெண்களும் எல்லோருக்கும் சமமாக உட்கார்ந்து பாடினார்கள்.

இன்றைக்கும் ஆராதனையில் வயலின், மிருதங்கம், புல்லாங்குழலோடு, பெரிய வித்வானும் பாட்டுப் படிக்கும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து, பஞ்சரத்தினம் என்ற ஐந்து கீர்த்தனைகளை ஒரே குரலில் பாடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பெண்களும் இருக்கிறார்கள்.

அம்மா இன்னொன்றும் செய்தார். சொத்தை எல்லாம் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தபோது, பெண்களுக்கு அங்கே பாட உரிமை வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். வாய்ப் பேச்சை நம்பவில்லை. 1952-ல் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவர் சமாதியும் இருக்கிறது.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம். சேரலாம், பயப்பட வேண்டாம். ஆனால் வெறுங்கையோடு சேரக்கூடாது. நமக்கென்று சேமிப்பு இருக்கட்டும். நம் குழுக் கூட்டம் நிற்காமல் நடக்கட்டும். நமக்கு என்ன உரிமை என்பது தீர்மான நோட்டில் ஏறட்டும்.

கூட்டத்தில் பேசுங்கள்:

1. நாலு குழுவும் சேர்ந்தால், எந்த முடிவை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது?

2. அது தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் யார் எழுதுவது, எப்போது எழுதுவது?